அகில இந்திய கால்பந்து சம்மேளனம்: சிம்லா முதல் உச்ச நீதிமன்றம் வரை

புது தில்லி: 2022 ஆகஸ்ட் மாதம் கோகுலம் கேரளா மகளிர் அணி உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் சென்றிறங்கியிருந்தது. இந்திய மகளிர் லீக் சாம்பியன் என்ற முறையில் ஆசிய மகளிர் கிளப் சாம்பியன்ஷிப் போட்டியில் பங்கேற்பதற்காக அந்த அணி சென்றிருந்தது. வீராங்கனைகள் ஆடுகளத்தில் கால் வைக்கும் முன்பே, சர்வதேச கால்பந்து சம்மேளனம் (ஃபிஃபா) இந்தியாவை இடைநீக்கம் செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. இடைநீக்கம் செய்யப்பட்ட நாட்டின் கிளப் எதுவும் சர்வதேசப் போட்டியில் ஆட இயலாது. அந்த அணி ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நாடு திரும்பியது.

வீராங்கனைகள் எந்த விதியையும் மீறவில்லை. அவர்களின் கிளப் நிர்வாகமும் மீறவில்லை. தில்லியில் ஒரு அமைப்பின் நிர்வாகத்தை யார் நடத்துவது என்ற வழக்கே தாஷ்கண்டில் ஓர் அணியின் பயணத்தை முடித்து வைத்தது. அந்த அமைப்பு அகில இந்திய கால்பந்து சம்மேளனம். அது எவ்வாறு தோன்றியது, அதன் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, ஒரு நிர்வாகத் தகராறு ஆடுகளம் வரை எப்படி வந்து சேர்கிறது என்பவற்றை அறிய, சம்மேளனம் தோன்றுவதற்கும் முன்னால் செல்ல வேண்டும்.

சம்மேளனத்துக்கு முன்பே வந்த கோப்பைகள்

இந்தியாவில் கால்பந்துப் போட்டிகள் முதலில் வந்தன. அவற்றை நிர்வகிக்கும் தேசிய அமைப்பு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்டிமர் டூரண்டின் பெயரால் 1888இல் சிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடங்கப்பட்டது. உலகின் மிகப் பழைமையான கால்பந்துப் போட்டிகளுள் ஒன்றான அது, தொடக்கத்தில் ராணுவப் படைப்பிரிவுகளுக்கான போட்டியாகவே இருந்தது. பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை 1891இல் தொடங்கியது. கல்கத்தாவில் 1893இல் இந்திய கால்பந்து சங்கம் (ஐஎஃப்ஏ) உருவானது. அதே ஆண்டில் ஐஎஃப்ஏ கேடயப் போட்டியும் தொடங்கியது.

பெயரில் 'இந்திய' என்று இருந்தாலும் ஐஎஃப்ஏ நடைமுறையில் வங்காளத்தின் சங்கம்தான். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கோல் கணக்கில் வென்று ஐஎஃப்ஏ கேடயத்தைக் கைப்பற்றிய பின் கல்கத்தாவின் செல்வாக்கு மேலும் உயர்ந்தது. காலணி அணிந்த ஆங்கிலேயப் படைவீரர்களைப் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்தியர்கள் தோற்கடித்தது, விளையாட்டைத் தாண்டிய நிகழ்வாகப் பார்க்கப்பட்டது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங் அணி, அந்நகரை நாட்டின் கால்பந்துத் தலைநகராகவே ஆக்கியது.

நாடு முழுவதற்குமான முடிவுகளைக் கல்கத்தா எடுப்பதை மற்ற மாகாணங்கள் ஏற்கவில்லை. தேசிய அமைப்பு எது, அதில் யாருக்கு எத்தனை இடம் என்ற கேள்விகள் 1930களில் கடும் பிணக்காக வளர்ந்தன. நீண்ட பேச்சுக்குப் பின் 1937 ஜூன் 23 அன்று, சிம்லாவில் இருந்த ராணுவத் தலைமையகத்தில் ஆறு மண்டல கால்பந்து சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை நிறுவினர். அதாவது, வாக்கு யாருக்கு என்ற கேள்விக்குக் காணப்பட்ட சமரசமாகவே இந்த அமைப்பு பிறந்தது. அந்தக் கேள்வி பின்னாளில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சம்மேளனம் உருவான நான்காவது ஆண்டில், 1941இல், மாகாணங்களுக்கிடையிலான தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கியது. ஐஎஃப்ஏ தலைவராக இருந்த சந்தோஷ் சமஸ்தான மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரியின் நினைவாக அதற்குச் சந்தோஷ் கோப்பை என்று பெயரிடப்பட்டது. பெயரில் உள்ளது ஓர் ஊர். மகிழ்ச்சி என்ற பொருளில் அமைந்த பெயர் அன்று. முதல் கோப்பையை வங்காளம் வென்றது. 2024 டிசம்பரில் மேற்கு வங்காளம் வென்றது அதன் 33ஆவது பட்டம். பிற மாநிலங்களின் பழைய மனக்குறைக்கு ஆடுகளத்திலும் காரணம் இருந்தது என்பதை இந்த ஓர் எண்ணே காட்டும்.

வெறுங்கால் கதையும் 1950ஆம் ஆண்டும்

சுதந்திரத்துக்குப் பின் 1948இல் சம்மேளனம் ஃபிஃபாவில் உறுப்பினரானது. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தாலிமெரென் ஆவோ தலைமையிலான இந்திய அணி பிரான்ஸை எதிர்கொண்டது. இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. இந்தியாவின் ஒரே கோலை சாரங்கபாணி ராமன் அடித்தார். இறுதி நேரத்தில் பிரான்ஸ் அடித்த கோலால் 2-1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல் ஒரு தமிழ்ப் பெயரில் பதிவாகியிருப்பது பலர் அறியாத செய்தி.

1950இல் பிரேசிலில் நடைபெற்ற உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் இடம்பெற்றிருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகள் விலகியதால் ஆடாமலேயே கிடைத்த தகுதி அது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே ஆகிய அணிகள் இருந்த பிரிவில் இந்தியா சேர்க்கப்பட்டது. ஆனால் இந்தியா செல்லவில்லை.

வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதி மறுத்ததே காரணம் என்ற கதை, ஒவ்வொரு உலகக் கோப்பையின்போதும் செய்தி அறைகளுக்கு வந்து சேர்கிறது. கேட்பதற்குச் சுவையான கதை, மொழிபெயர்ப்பதற்கும் எளிது. சம்மேளனம் அன்று கூறிய காரணங்கள் வேறு: அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய அவகாசமின்மை. நீண்ட கடற்பயணமும் அதன் செலவும் பேசப்பட்டன. பயணச் செலவின் பெரும்பகுதியை ஏற்கப் போட்டி அமைப்பாளர்கள் முன்வந்ததாகவும் கூறப்படுகிறது. அக்காலத்தில் ஒலிம்பிக்கே உயர்ந்ததாகக் கருதப்பட்டது என்றும், உலகக் கோப்பையின் முக்கியத்துவத்தைச் சம்மேளனம் உணரவில்லை என்றும் சைலேன் மன்னா பிற்காலத்தில் கூறியுள்ளார். வீரர்களின் கால்களைக் காரணம் காட்டும் கதை, முடிவெடுத்த அலுவலகத்தைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. அதன் பின் இன்றுவரை இந்திய ஆடவர் அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை.

காலணி கட்டாயமானது வேறொரு நிகழ்வுக்குப் பிறகு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் ஆடிய இந்திய அணி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றது. அந்தத் தோல்விக்குப் பின்னரே சம்மேளனம் காலணி அணிவதைக் கட்டாயமாக்கியது.

ரஹீம் காலம்

1950 முதல் 1963 வரை தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்தவர் ஹைதராபாதைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். 1951இல் தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வீழ்த்தி இந்தியா தங்கம் வென்றது. கோல் அடித்தவர் சாகு மேவாலால். 1954இல் ஆசிய கால்பந்து கூட்டமைப்பு தொடங்கப்பட்டபோது இந்தியச் சம்மேளனம் அதன் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாக இருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற இந்தியா, இறுதியில் நான்காம் இடம் பெற்றது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டம் இன்றும் பேசப்படுவது. தைவானும் இஸ்ரேலும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்ததால், அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. தலையில் காயத்துடன் இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்கள வீரராக நிறுத்தினார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா மீண்டும் தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ரஹீம் காலமானார். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் ஆகியவற்றோடு அந்த எழுச்சி அடங்கியது.

ஒரு தனிமனிதரின் திறமையால் வந்த வெற்றிகளைத் தக்கவைக்கும் கட்டமைப்பைச் சம்மேளனம் அமைக்கவில்லை. மாநில அணிகளின் சந்தோஷ் கோப்பையும் நகர லீக்குகளும் நடந்தன. நாடு முழுவதற்குமான கிளப் லீக் இல்லை. நாட்டின் கிளப்புகளுக்கான ஃபெடரேஷன் கோப்பை 1977இல்தான் தொடங்கியது. முதல் பட்டத்தைப் பெங்களூரு ஐடிஐ அணி வென்றது. முழுமையான தேசிய லீக் 1996இல் தொடங்கப்பட்டது. ஜே.சி.டி. அணி முதல் சாம்பியன். அதற்குள் சம்மேளனத்துக்கு வயது 59.

சம்மேளனம் என்ன செய்கிறது?

செய்திகளில் சம்மேளனத்தின் பெயர் பெரும்பாலும் வழக்கு, தேர்தல், பயிற்சியாளர் நீக்கம் ஆகியவற்றோடுதான் வருகிறது. அதன் அன்றாடப் பணி வேறு. ஆடவர், மகளிர், இளையோர் தேசிய அணிகளைத் தேர்வு செய்து அனுப்புவது அதன் முதல் பொறுப்பு. வீரர்களைப் பதிவு செய்தல், ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை ஒழுங்குபடுத்துதல், நடுவர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் பயிற்சியளித்து உரிமம் வழங்குதல், ஆசிய கூட்டமைப்பின் அளவுகோல்படி கிளப்புகளுக்கு உரிமம் வழங்குதல், ஒழுங்கு நடவடிக்கை எடுத்தல் ஆகியவையும் அதன் வேலைகளே. மாநிலங்களில் இப்பணியை மாநிலச் சங்கங்கள் செய்கின்றன. தமிழகத்தில் தமிழ்நாடு கால்பந்து சங்கம். மாவட்ட லீக்கில் ஆடும் ஒரு சிறுவனின் பதிவு, மாநிலச் சங்கம், சம்மேளனம், ஆசிய கூட்டமைப்பு, ஃபிஃபா என்று ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டுள்ளது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள அனைவரும் பாதிக்கப்படுவர்.

பணம் மூன்று வழிகளில் வருகிறது: ஃபிஃபா மற்றும் ஆசிய கூட்டமைப்பின் மேம்பாட்டு நிதி, பயிற்சிக்கும் போட்டிகளுக்கும் மத்திய அரசு அளிக்கும் மானியம், ஒளிபரப்பு மற்றும் விளம்பர உரிமை. மூன்றாவது வழியே சம்மேளனத்தின் போக்கை மாற்றியது. 2010 டிசம்பரில் ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்பிலான ஒப்பந்தம் கையெழுத்தானது. சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 47 கோடி ரூபாய். அந்த ஒப்பந்தத்தின் விளைவாக 2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிறந்தது. ஏற்கெனவே தேசிய லீக்கின் வாரிசாக 2007இல் தொடங்கியிருந்த ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. ஐ-லீக்கிலிருந்து ஐஎஸ்எல்லுக்கு ஆட்டத் தகுதியால் முன்னேறும் முறை 2022-23 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாப் அணி முதலில் முன்னேறியது. அதுவரை, ஐ-லீக் பட்டம் வென்ற அணிக்கும் மேல்நிலை லீக்கின் கதவு ஆடுகளம் வழியாகத் திறக்கவில்லை.

மகளிர் கால்பந்தின் கதை இதற்கு வெளியே தனியாக வளர்ந்தது. 1975இல் தனி மகளிர் சம்மேளனம் உருவாகி, இந்திய அணியை ஆசிய அளவில் இருமுறை இரண்டாம் இடம் வரை கொண்டு சென்றது. 1990களின் தொடக்கத்தில்தான் அது தேசிய சம்மேளனத்துடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் இந்தியாவிலேயே நடந்த மகளிர் ஆசியக் கோப்பையிலிருந்து, அணியில் கொரோனா தொற்று பரவியதால் இந்தியா விலக நேர்ந்தது. 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வீழ்த்தி, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு முன்னேறியது. இரண்டு கோல்களையும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஆடவர் அணி சிங்கப்பூரிடம் கோவாவில் தோற்று, 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.

இரண்டு எஜமானர்கள்

சம்மேளனத்தின் தலைவர் நாற்காலி நீண்ட காலம் அரசியல் தலைவர்களிடம் இருந்தது. மத்திய அமைச்சராகவும் இருந்த பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி ஏறத்தாழ 20 ஆண்டுகள் தலைவராக இருந்தார். 2008இல் அவர் நோய்வாய்ப்பட்ட பின் பிரஃபுல் படேல் பொறுப்பேற்றார். தேசிய விளையாட்டு விதித்தொகுப்பின்படி ஒருவர் தலைவர் பதவியில் 12 ஆண்டுகளே நீடிக்க முடியும். படேலின் மூன்றாவது பதவிக்காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. அமைப்பு விதிகள் தொடர்பான வழக்கு நிலுவையில் உள்ளது என்று கூறித் தேர்தல் நடத்தப்படவில்லை.

அந்த வழக்கு 2017இல் இருந்தே நடந்து வந்தது. விளையாட்டு விதித்தொகுப்புக்கு முரணானது என்று கூறி, படேல் தேர்வான தேர்தலை 2017 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்து, புதிய அமைப்பு விதிகளை வகுக்க முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷியையும் முன்னாள் கோல்கீப்பர் பாஸ்கர் கங்குலியையும் நியமித்தது. 2022 மே 18 அன்று படேல் குழு நீக்கப்பட்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.ஆர். தவே தலைமையில் மூவர் நிர்வாகிகள் குழு அமர்த்தப்பட்டது.

சிக்கல் வாக்காளர் பட்டியலில் வெடித்தது. மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் 36 பேருடன், முன்னாள் வீரர்கள் 36 பேரும் வாக்களிக்கலாம் என்பது குழுவின் யோசனை. நியாயமான யோசனையாகவே தோன்றும். ஆட்டத்தை ஆடியவருக்கு வாக்கு வேண்டாமா? ஆனால் உறுப்பு அமைப்பின் நிர்வாகத்தில் வெளியார் தலையீடு கூடாது என்பது ஃபிஃபாவின் அடிப்படை விதி. நீதிமன்றம் நியமித்த குழுவும் அதன் பார்வையில் வெளியாரே. 2022 ஆகஸ்ட் 15 அன்று சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. அதன் 85 ஆண்டு வரலாற்றில் இது முதல்முறை. அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் கேள்விக்குறியானது.

ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் நிர்வாகிகள் குழுவைக் கலைத்து, மாநிலச் சங்கங்கள் மட்டுமே வாக்களிக்கும் என்று மாற்றியமைத்தது. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. செப்டம்பர் 2 அன்று நடந்த தேர்தலில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே 33 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற முன்னாள் இந்திய கேப்டன் பாய்ச்சுங் பூட்டியாவுக்கு ஒரு வாக்கு கிடைத்தது. சம்மேளனத் தலைவர் பதவிக்கு ஆட்டக்காரர் ஒருவர் வந்தது அதுவே முதல்முறை. செப்டம்பர் 7 அன்று மோகன் பகான் தனது ஆசியப் போட்டியைக் கொல்கத்தாவில் ஆடியது. மகளிர் உலகக் கோப்பையும் திட்டமிட்டபடி நடந்தது. பதினோரு நாள் தடைக்கான விலையை முழுமையாகக் கொடுத்தது தாஷ்கண்டிலிருந்து திரும்பிய அணி மட்டுமே.

மீண்டும் நின்ற லீக்

அமைப்பு விதிகள் வழக்கு அத்துடன் முடியவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தயாரித்த வரைவு நீதிமன்றத்தில் இருந்தது. 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிவடைய இருந்தது. புதிய ஒப்பந்தம் குறித்துத் தெளிவு இல்லாததால் 2025-26 ஐஎஸ்எல் பருவத்தை நிறுத்திவைப்பதாக லீக்கை நடத்தும் நிறுவனம் ஜூலையில் அறிவித்தது. சில கிளப்புகள் வீரர்களின் ஊதியத்தையும் அணிச் செயல்பாடுகளையும் நிறுத்திவைத்தன.

இவ்வளவுக்கும் இடையே, புதிய அமைப்பு விதிகளை அக்டோபர் 30க்குள் ஏற்காவிட்டால் மீண்டும் இடைநீக்கம் என்று ஃபிஃபாவும் ஆசிய கூட்டமைப்பும் ஆகஸ்டில் எச்சரித்தன. செப்டம்பர் 19 அன்று நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மா, ஜாய்மால்யா பாக்சி அமர்வு சில திருத்தங்களுடன் வரைவை ஏற்றது. அக்டோபர் 12 அன்று சம்மேளனத்தின் சிறப்புப் பொதுக்குழு அதை நிறைவேற்றியது. புதிய விதிகளின்படி நாட்டின் முதல்நிலை லீக் சம்மேளனத்துக்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். தரவரிசைப்படி அணிகள் ஏறுவதும் இறங்குவதும் கட்டாயம். 2022இல் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முன்னாள் வீரர்கள், இம்முறை பொதுக்குழுவில் இடம் பெற்றுள்ளனர். அதே காலத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுத் தகராறுகளுக்கென தனித் தீர்ப்பாயத்துக்கு வழிவகுத்துள்ளது.

விதிகள் வந்தன, லீக் வரவில்லை. வணிக உரிமைக்கு அக்டோபரில் கோரப்பட்ட ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. 2026 ஜனவரித் தொடக்கத்தில் சுனில் சேத்ரி உள்ளிட்ட வீரர்கள், தங்கள் சம்மேளனத்தைத் தாண்டி நேரடியாக ஃபிஃபாவிடம் காணொளி வழியே முறையிட்டனர். அதற்கடுத்த சில நாள்களில், 14 கிளப்புகளுடன் பிப்ரவரி 14 அன்று லீக் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார். லீக் தொடங்கும் தேதியைச் சம்மேளனத் தலைவர் அல்லாமல் அமைச்சர் அறிவித்தது கவனிக்கத்தக்கது.

2022இல் தேர்வான செயற்குழு தனது பதவிக்காலம் முடியும் வரை தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் அனுமதித்துள்ளது. அந்தக் காலம் 2026 செப்டம்பரில் முடிகிறது. முன்னாள் வீரர்களும் இடம்பெறும் பொதுக்குழு வாக்களிக்கும் முதல் தேர்தல் அதன் பிறகு நடைபெற வேண்டும்.